கவிழும் அரசு நாடாளுமன்றத்தை முடக்கினால் உங்கள் மகஜர் என்னவாகும்?

கேள்வி: கனடாவில் சபையில் பெரும்பான்மை ஆசனங்கள் இல்லாத சிறுபான்மை அரசு கவிழும் நிலை வந்தால் பிரதமர் நாடாளுமன்றத்தை முடக்கிவிட்டுத் தப்பிவிடலாம் என்கிறார்கள். அது சட்டப்படி சரியா? எத்தனை நாளைக்கு அப்படி மூடி வைக்கலாம்? என் தாயாரின் முதியோர் ஓய்வூதியம் நின்றுவிடுமா? எங்கள் சங்கம் கையெழுத்துச் சேர்த்துவரும் மகஜரும், நாங்கள் காத்திருக்கும் சட்டமூலமும் என்னவாகும்? - ஸ்கார்பரோ வாசகர்

பதில்: முதலில் தாயாரின் பணம். அது நிற்காது. முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்புறுதி, பிள்ளைகளுக்கான கொடுப்பனவு எல்லாம் ஏற்கெனவே நிறைவேறி நடைமுறையில் இருக்கும் சட்டங்களின்படி வழங்கப்படுபவை. சபை கூடினாலும் கூடாவிட்டாலும் உரிய நாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கடவுச்சீட்டு அலுவலகமும் குடிவரவு அலுவலகமும் வழக்கம்போல் இயங்கும். யார் வேறுவிதமாகச் சொன்னாலும் தாயாரைக் கலங்கவிடாதீர்கள்.

இனி சட்டம். சபையை ஒத்திவைப்பது நத்தார் விடுமுறைக்குப் போவது போன்றது; திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். சபையைக் கலைத்தால் தேர்தல். நீங்கள் கேட்கும் முடக்கம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிரதமரின் ஆலோசனைப்படி, முடியின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் கூட்டத்தொடரை முடித்துவைக்கிறார். உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவே இருப்பார்கள், அமைச்சர்களும் பதவியில் தொடர்வார்கள். ஆனால் சபையின் வேலைப் பட்டியல் துடைக்கப்பட்டுவிடும். நாள் குறிக்கப்பட்டிருந்த நம்பிக்கையில்லாப் பிரேரணையும் அதோடு போய்விடும். இது பிரதமரின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். வாக்கெடுப்புக்கு நாள் குறித்த பிறகு அதைப் பயன்படுத்துவது முறையா என்பதில்தான் சர்ச்சை.

அந்தச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள 2008 ஐப் பார்க்க வேண்டும். அந்த ஒக்டோபர் 14 தேர்தலில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் கட்சி 308 ஆசனங்களில் 143 ஐப் பிடித்தது. புதிய நாடாளுமன்றம் நவம்பர் 18 இல் கூடியது. உலகமே நிதி நெருக்கடியில் தத்தளித்த நேரம் அது. நவம்பர் 27 இல் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி பொருளாதார அறிக்கையை வாசித்தபோது, அதில் நெருக்கடியைச் சமாளிக்கும் ஊக்கத் திட்டத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பெற்ற வாக்குகளின் எண்ணிக்கைப்படி கட்சிகளுக்குக் கிடைத்துவந்த அரச நிதியை நிறுத்தும் யோசனைதான் அதில் இருந்தது. எதிர்க்கட்சிகளின் மடியிலேயே கைவைத்த வேலை. அரசு இரண்டே நாளில் அந்த யோசனையைக் கைவிட்டது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

டிசம்பர் 1 அன்று லிபரல் தலைவர் ஸ்டெஃபான் டியோனும் புதிய ஜனநாயகக் கட்சியின் ஜக் லேய்ட்டனும் கூட்டணி அரசுக்கு உடன்படிக்கை செய்தார்கள். கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிடும் புளொக் கெபெக்குவா கட்சியின் ஜில் டுசெப் வெளியிலிருந்து ஆதரிப்பதாக ஒப்பமிட்டார். 77, 37, 49 என்று மூன்றையும் கூட்டினால் 163. ஹார்ப்பரிடம் இருந்ததோ 143. டிசம்பர் 8 இல் வாக்கெடுப்பு என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தது.

டிசம்பர் 4 காலையில் ஹார்ப்பர் ஆளுநர் நாயகத்தின் வாசஸ்தலமான ரீடோ ஹோலுக்குப் போனார். ஆளுநர் நாயகம் மிஷேல் ஜோன் தமது ஐரோப்பியப் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பியிருந்தார். உள்ளே போன பிரதமர் வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழக்கமாகக் கேட்டதும் கிடைக்கும் கையெழுத்துக்கு அன்று அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியலமைப்பு அறிஞர் பீட்டர் ஹொக் ஆளுநர் நாயகத்துக்கு ஆலோசனை கூறினார். கடைசியில் ஜனவரி 26 வரை கூட்டத்தொடரை முடித்துவைக்க அவர் இணங்கினார். இடைவெளி குறுகியது, சபை திரும்பியதும் வரவு செலவுத் திட்டம் வரும், அதன் மீது அரசின் தலைவிதி வாக்குக்கு விடப்படும் என்பவை அந்த முடிவுக்குப் பலம் சேர்த்த காரணங்கள்.

பிறகு நடந்ததுதான் பாடம். முந்தின இரவு டியோன் நாட்டுக்கு ஆற்றிய உரை, தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தாமதமாகவும் மங்கலான படமாகவும் போய்ச் சேர்ந்து அவருடைய செல்வாக்கை ஏற்கெனவே சரித்திருந்தது. ஒரு வாரத்துக்குள் அவர் போய் மைக்கேல் இக்னாட்டியெஃப் தலைவரானார். ஜனவரி 27 இல் வந்த வரவு செலவுத் திட்டத்தில் எதிர்க்கட்சிகள் கேட்ட ஊக்கச் செலவு இருந்தது. காலத்துக்குக் காலம் சபைக்கு அறிக்கை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு லிபரல்கள் அதை ஆதரித்தார்கள். கூட்டணி கலைந்தது. ஹார்ப்பர் மேலும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார்.

ஆளுநர் நாயகம் எல்லைக்குள் நின்றுதான் முடிவெடுத்தார் என்பது என் கருத்து. ஆனால் தோல்வி நிச்சயமான வாக்கெடுப்பிலிருந்து ஒரு பிரதமர் இப்படி ஓடியது கெட்ட முன்னுதாரணம். அதை நான் மென்று விழுங்கிச் சொல்லப் போவதில்லை. அடுத்த ஆண்டே, 2009 டிசம்பர் 30 இல், அவர் மறுபடியும் சபையை மூடினார். அப்போது ஆப்கான் கைதிகள் பற்றிய விசாரணை அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. ஆளுநர் நாயகத்திடம் தொலைபேசியிலேயே கேட்டு முடித்துவிட்டார்.

அப்படியானால் எத்தனை நாள் மூடி வைக்கலாம்? பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நாடாளுமன்றம் கூட வேண்டும் என்கிறது உரிமைகள் சாசனத்தின் 5 ஆம் பிரிவு. உண்மையான கடிவாளம் அதைவிடக் குட்டையானது, அது பணம். நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. உங்கள் தாயாரின் ஓய்வூதியம் போலன்றி, அமைச்சுகளின் அன்றாடச் செலவுக்குச் சபை ஆண்டுதோறும் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாதபோது ஆளுநர் நாயகத்தின் விசேட ஆணையால் பணம் எடுக்கலாம்தான். ஆனால் 1997 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சபை கலைக்கப்பட்டிருக்கும் காலத்தில் மட்டுமே அந்த வழி திறக்கும். வெறுமனே முடித்துவைக்கப்பட்ட காலத்தில் திறக்காது. ஆகவே குளிர்காலத்தில் சபையை மூடும் பிரதமர் வசந்தத்தில் பணம் கேட்டு அதே உறுப்பினர்களிடம் வந்தே ஆக வேண்டும், அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும். 2025 ஜனவரி 6 இல் ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகுவதாக அறிவித்து மார்ச் 24 வரை சபையை மூடினார். அவருக்குப் பின் வந்த மார்க் கார்னி மார்ச் 23 இல் சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார்.

நீதிமன்றத்தை அதிகம் நம்பாதீர்கள். இலங்கையில் 2018 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தை முதலில் முடக்கி, பிறகு கலைத்தபோது, கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் டிசம்பர் 13 இல் தீர்ப்பளித்தது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் 2019 இல் பொரிஸ் ஜோன்சனின் முடக்கத்தைச் செல்லாதென்றது. கனடாவில் 2025 மார்ச்சில், இத்தகைய முடிவை ஆராயும் அதிகாரம் தமக்கு உண்டு என்று கூட்டாட்சி நீதிமன்றத் தலைமை நீதிபதி போல் கிராம்ப்டன் சொன்னார். ஆனாலும் ட்ரூடோ எல்லை மீறியதாக நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

உங்கள் சட்டமூலம் யாருடையது என்று பாருங்கள். சட்டமாவதற்கான இறுதி ஒப்புதலான அரச சம்மதத்தைப் பெறாத அரசாங்கச் சட்டமூலம் முடக்கத்தோடு செத்துவிடும். புதிய கூட்டத்தொடரில் சபை இணங்கினால் அதே கட்டத்திலிருந்து மீட்கலாம், அதற்கு அரசுக்கு மனம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த கனேடியர்களுக்கு வெளிநாட்டிலேயே பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமையைச் சீர்செய்ய வந்த சி-71 இப்படித்தான் 2025 ஜனவரியில் போயிற்று. அதே நோக்கத்துடன் சி-3 என்ற புதிய சட்டமூலம் வந்து, டிசம்பர் 15 இல் நடைமுறைக்கு வரும்வரை அந்தக் குடும்பங்கள் காத்துக்கிடந்தன. மக்கள் சபையில் தனி உறுப்பினர் கொண்டுவந்த சட்டமூலம் தப்பிவிடும். நின்ற கட்டத்திலிருந்தே அது தொடரும்.

மகஜர் விடயத்தில் பதறத் தேவையில்லை. காகித மகஜருக்குத் தேவை 25 செல்லுபடியாகும் கையெழுத்து, இணைய மகஜருக்கு 500. சபை மூடியிருக்கும்போது உறுப்பினரால் அதைச் சமர்ப்பிக்க முடியாது, அவ்வளவுதான். இணைய மகஜரை உண்மையில் முடித்துவிடுவது தேர்தலுக்காகச் சபை கலைவதுதான். ஆகவே முடக்கம் பற்றிய பேச்சு அடிபட்டால் கையெழுத்துச் சேர்ப்பதை விரைவுபடுத்துங்கள், நிறுத்தாதீர்கள். காகிதத்தில் சேர்ப்பதாயின் அசல் கையெழுத்துகளைப் பத்திரமாக வைத்திருங்கள்; நகல் எடுபடாது. ஒட்டாவாவில் சபை இல்லாத வாரங்களில் உறுப்பினர் பெரும்பாலும் தொகுதியில்தான் இருப்பார். தொகுதி அலுவலகத்தில் நேரம் வாங்கி நேரில் சந்தித்து, சபை திரும்பியதும் எந்த வாரத்தில் மகஜரைச் சமர்ப்பிப்பார், சட்டமூலத்தை மீட்கும் பிரேரணை வந்தால் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.