சபையில் வெளிநாட்டுச் சில்லறையைத் திரட்டித் தொண்டுக்குக் கொடுக்க முடியுமா? எப்படி?

தாராளமாக முடியும். பெட்டி வைப்பது சுலபம். நிறைந்ததைப் பணமாக்குவதுதான் வேலை. வங்கிகளும் பணமாற்றுக் கடைகளும் பெரும்பாலும் நோட்டை மட்டுமே வாங்கும், காசைத் தொடாது. அவ்வளவு கனத்தை அந்தந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது. ஆகவே முதலில் தொண்டு அமைப்பிடம் பேசுங்கள்: எந்த நாட்டுக் காசை வாங்குவார்கள், செல்லாக்காசும் சேருமா, அனுப்பும் செலவு யாருடையது?

பல நாட்டுக்காரர்கள் கூடும் சபைக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் நாட்டுக் காசை எடுத்துக்கொண்டு, அன்றைய மாற்று மதிப்புக்கு உள்ளூர்ப் பணத்தைப் பெட்டியில் போட்டுவிடலாம். தரகு இல்லை, தபால் செலவு இல்லை, முழு மதிப்பும் தொண்டுக்கே போகும். கையிருப்பில் எந்த நாட்டுக் காசு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். விடுமுறைக்கு முந்தைய ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை போட்டால் நன்றாக நகரும். இதற்குப் பிறகு மீந்ததை மட்டும் அமைப்புக்கு அனுப்பினால் போதும்.

அனுப்பும்போது எடையைப் பாருங்கள். ஒரு கிலோ 2 யூரோ காசு என்றால் சுமார் 235 யூரோ. ஒரு கிலோ 1 சென்ட் என்றால் 4 யூரோ சொச்சம்தான். அமெரிக்க 25 சென்ட், 10 சென்ட் இரண்டுமே கிலோவுக்கு ஏறக்குறைய 44 டாலர். சின்னக் காசைத் தபாலில் அனுப்புவது நஷ்டம்.

பிரிப்பதில்தான் தவறு நடக்கும். துருக்கியின் 1 லிராவும் தாய்லாந்தின் 10 பாட்டும் 2 யூரோ மாதிரியே இருக்கும்; நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். பிரிட்டனின் வட்டமான 1 பவுண்டு 2017 அக்டோபரோடு செல்லாமல் போனது, பன்னிரண்டு பக்கக் காசுதான் செல்லும். யூரோவுக்கு முந்தைய காசுகளில் ஜெர்மன் மார்க், அயர்லாந்து பவுண்டு இரண்டையும் அந்நாட்டு மத்திய வங்கிகள் காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகின்றன. ஸ்பெயினின் பெசேட்டாவுக்கு 2021 ஜூனோடு கதவு மூடியாயிற்று. பிரெஞ்சு பிராங்க், இத்தாலிய லிரா கதையும் அதுதான்.

பழைய காசு கண்ணில் பட்டால் ஆண்டைப் பாருங்கள். 1964 வரை வந்த அமெரிக்க 10, 25 சென்ட்களில் 90 சதவீதம் வெள்ளி. பிரிட்டனின் வெள்ளி நிறக் காசுகளில் 1946 வரை வெள்ளி இருந்தது. இவற்றைத் தனியே எடுத்து நாணய வியாபாரியிடம் காட்டுங்கள். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. பளபளப்பு வரும், விலை போய்விடும்.

கண்ணாடி ஜாடி வேண்டாம். ஒரு லிட்டர் டப்பா நிறைந்தாலே 5 கிலோவை நெருங்கும், ஆகவே சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களாக வையுங்கள். காணிக்கைப் பையோடு கலக்காமல் தனிப் பெட்டி, தனிக் கணக்கு. குடும்ப உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். டோக்கன், பொத்தான், உள்ளூர்ச் சில்லறை எல்லாம் வந்து விழும். உள்ளூர்க் காசையும் இதே கணக்கில் சேருங்கள், போட்டவர் இதற்காகத்தான் போட்டார்.

ஆண்டு முழுக்கப் பெட்டியை வைக்காதீர்கள், ஆறு வாரம் போதும். மக்கள் வீட்டு அலமாரியைக் குடைவது ஒருமுறைதான். கடைசியில் எங்கும் போகாத செல்லாக்காசை எடைக்கு வாங்கும் நாணய வியாபாரிகள் இருக்கிறார்கள். கொஞ்சத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.