வாசகர் கடிதம்: ஸ்ரீஹரிகோட்டா போகலாமா?

ஐயா,

பெருந்துறைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் அணி பத்து சென்டிமீட்டர் கனசதுரத்தில் ஒரு குட்டி செயற்கைக்கோள் செய்கிறது. சட்டகம் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. அதற்குள் ஒருமுறை ஸ்ரீஹரிகோட்டா போய் ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க ஆசை. “அதான் நேரலையில காட்டறாங்களே, அந்தக் காசுக்கு போர்டு வாங்கலாம்” என்கிறார்கள் அணியில் பாதிப்பேர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாணவி, பெருந்துறை

அன்புள்ள அம்மணி,

கட்டாயம் போய் வாருங்கள். சட்டகம் வரைபடத்தில் இருக்கும்போதே போங்கள். எல்லாம் கடைந்து முடித்தபின் போனால், பார்த்ததை வைத்து எதையும் மாற்ற முடியாது.

அங்கே பார்வையாளர் மாடத்தில் முதலில் தீதான் தெரியும். சத்தம் கிலோமீட்டருக்கு மூன்று விநாடி வீதம் பின்னால் வந்து நெஞ்சில் அறையும். தூரத்தில் நிற்கும் நமக்கே இப்படி என்றால், ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் செயற்கைக்கோளை நினைத்துப் பாருங்கள். அதை உடம்பில் வாங்கியவர் ஒரு மரைக்குக்கூட லாக்டைட் (மரை கழன்றுவிடாமல் பிடிக்கும் பசை) போடாமல் விடமாட்டார்.

அதிர்வு சின்ன விஷயமில்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதல்முறை பறந்தபோது, இரண்டாம் அடுக்கு பிரிகையில் கண நேரம் வந்த அதிர்வு உணரிகளைக் குழப்பியது. அவை பழுது என்று கணினி முடிவுகட்டிவிட்டது. 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில் சேர வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டத்தில் போய் அழிந்தன. அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்கெடுத்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளும் அதில் இருந்தது. அந்தப் பிள்ளைகள்மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஒன்று, இதை வற்புறுத்தியே சொல்கிறேன். சட்டகத்தைக் கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது பட்டறையில்தான் கொடுப்பீர்கள். அங்கே சி.என்.சி. (கணினி சொல்படி உலோகம் கடையும் இயந்திரம்) ஓட்டும் அண்ணனையும் கூட்டிப் போங்கள். நான்கு மூலைத் தண்டுகளும் அளவிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்குமேல் பிசகக் கூடாது; செயற்கைக்கோளை ராக்கெட்டிலிருந்து ஸ்பிரிங் வைத்து வெளியே தள்ளும் பெட்டிக்குள் அவை ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஹார்டு அனோடைஸிங் (அலுமினியத்தின் மேற்பரப்பைக் கெட்டியாக்கும் முறை) வேண்டும். பம்ப்செட் பாகங்களில் இதைவிட நுணுக்கம் பார்த்த கை அவருடையது. அளவு எதற்கென்று புரிந்துவிட்டால், உங்கள் வரைபடத்தில் எங்கே இடிக்கும் என்று அவரே காட்டுவார். நம்மூர் அணிகள் பட்டறைக்காரரைக் கூலிக்கு வேலை செய்பவராக மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்களே, அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இஸ்ரோ தளத்தில் பதிவு செய்துகொண்டு, அடையாள அட்டையோடு சென்னை போய் சூலூர்பேட்டைக்கு ரயில் பிடியுங்கள். ஏவுதல் தள்ளிப்போவது உண்டு. அதனால் திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள்.