நம்பாதவர் கொயரில் பாடலாமா? – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணாவுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், கணக்காய்வு வேலை. கூட வேலை செய்யும் தோழி ஒரு கொயரில், அதாவது பல குரலில் சேர்ந்து பாடும் குழுவில், பாடுகிறாள். அவள் கூப்பிட்டதால் போன மாதம் கொழும்பு 7இல் ஒரு தேவாலயத்தில் நடந்த அவர்களுடைய நிகழ்ச்சிக்குப் போனேன். ஆர்வோ பேர்ட் என்ற எஸ்தோனிய இசையமைப்பாளர் எழுதிய ‘டா பாச்செம் டோமினே’ என்ற லத்தீன் பாட்டைப் பாடினார்கள். சின்னப் பாட்டுத்தான். அழுதுவிட்டேன்.

எங்களுடையது சைவக் குடும்பம். தேவாரம் பாடாமல் அப்பம்மா இரவுச் சாப்பாடு போடமாட்டார். 2009க்குப் பிறகு நான் கோயிலுக்குப் போவதில்லை, காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடவுள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் எதற்காக அழுதேன்? தம்பி கேட்டுவிட்டு, “இது நித்திரை வரப் போடுற மியூசிக்” என்கிறான். தோழி கொயரில் வந்து சேரச் சொல்கிறாள். நம்பாத ஒருத்தி “ஆண்டவரே” என்று பாடுவது பொய் இல்லையா? இன்னொன்று, தமிழில் ஏன் இப்படி ஒன்றும் இல்லை?

– ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

அந்தப் பாட்டு எப்போது எழுதப்பட்டது என்று தோழி சொன்னாரோ தெரியாது. 2004 மார்ச் 11ஆம் திகதி காலை, மட்ரிட்டில் வேலைக்குப் போகிற சனம் நிறைந்த ரயில்களில் குண்டுகள் வெடித்தன. பார்சிலோனாவில் நடக்கவிருந்த சமாதான இசை நிகழ்ச்சி ஒன்றுக்காக இசைக்குழு நடத்துநர் ஜோர்டி சவால் பேர்ட்டிடம் ஒரு பாட்டுக் கேட்டிருந்தார். குண்டு வெடித்த இரண்டாம் நாள் பேர்ட் இதை எழுத உட்கார்ந்தார். சொற்கள் மட்டும் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. ஆண்டவரே, எங்கள் நாட்களில் சமாதானம் தாரும், எங்களுக்காகப் போராட உம்மைத் தவிர வேறு ஒருவரும் இல்லை என்று மன்றாடுகிற சொற்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு இந்த ஊரில் எவரும் அதைச் சும்மா பாடிவிட்டுப் போக முடியாது. லத்தீன் தெரியாமலே உங்களுக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அதை வெறும் ஒலி அழகு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. உங்களைக் கடவுள் கூப்பிட்டார் என்று சொல்லப்போவதும் இல்லை.

தம்பி சொல்வதில் பாதி சரி. 90களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த வகை இசையை அப்படித்தான் விற்றன. போலந்துக்காரர் கொரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி 1976இல் எழுதப்பட்டது. 1992இல் வந்த ஓர் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு, மெதுவாகவும் சோகமாகவும் இருப்பதெல்லாம் ‘ஆன்மீகம்’ என்ற லேபலோடு கடைக்கு வந்தது. இன்றைக்கு யூடியூபில் மழைச் சத்தத்தோடு சேர்த்தே கிடைக்கிறது. மதம் வேண்டாம், ஆன்மீகம் மட்டும் போதும் என்ற அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேர்ட் ஒரு ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர், எழுதியது செபம். அதைக் கழுவித் துடைத்து மசாஜ் நிலையத்துக்கு அனுப்பக்கூடாது.

தம்பிக்கு பேர்ட்டின் ‘கிரேடோ’வைப் போட்டுக் காட்டுங்கள். நித்திரை வருகிறதா பார்ப்போம். 1968இல், சோவியத் ஆட்சியின் கீழ் இருந்த எஸ்தோனியாவில், “நான் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன்” என்று மேடையில் கொயரைப் பாட வைத்தார். பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மிக எளிய பியானோத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் இரைச்சலை ஏற்றிக்கொண்டே போகிறார். “கண்ணுக்குக் கண்” என்று கொயர் கத்துகிறது. பிறகு பாக் திரும்பி வருகிறார். அரசு அதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் பேர்ட் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை, கிரகோரியன் என்ற பழைய தேவாலயப் பாட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் புதிய முறை ஒன்றோடு வந்தார். டின்டினாபுலி என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அந்த முறை நம் காதுக்கு ஒன்றும் அந்நியமில்லை. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கி நடக்கும். இன்னொரு குரல் மூன்றே மூன்று சுரங்களை விட்டு நகராது. ஏறக்குறைய பாட்டும் தம்புராவும் போல. நடக்கிற குரல் தவறு செய்கிற, வலிக்கிற மனிதன், நிற்கிற குரல் மன்னிப்பு என்று பேர்ட் விளக்கியிருக்கிறார். இரண்டும் உரசும் இடங்கள் உண்டு. உங்கள் கண் கலங்கியது அநேகமாக அப்படி ஓர் இடத்தில்தான் என்பது என் ஊகம்.

நீங்கள் கேட்டதற்கு நான் சொல்லக்கூடியதும் இங்கேதான் இருக்கிறது. தனியாகப் பாடுகிற ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லலாம், உண்டு அல்லது இல்லை. கொயரில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். இதை எனக்குக் காட்டியது பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘வார் ரெக்வியம்’. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கொவென்ட்ரி பேராலயத்துக்குப் பக்கத்திலேயே புதிது கட்டி, 1962இல் திறந்தபோது அரங்கேறியது. இறந்தோருக்கான லத்தீன் பூசைக்கு நடுவில் வில்ஃப்ரட் ஓவனின் போர்க் கவிதைகளை பிரிட்டன் செருகியிருக்கிறார். முதலாம் உலகப்போர் முடிய ஒரு கிழமை இருக்கும்போது களத்தில் செத்தவர் ஓவன்.

அதில் ஓரிடம். ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் கடவுள் தந்த வாக்குறுதியைக் கொயர் உற்சாகமாகப் பாடி முடிக்கிறது. உடனே ஓவனின் கவிதை. மகனைப் பலியிடப் போன ஆபிரகாமைத் தேவதூதன் தடுத்து, மகனுக்குப் பதிலாக ஆட்டைக் கொடு என்கிறான். பைபிளில் ஆபிரகாம் கேட்டான். ஓவனின் கிழவன் கேட்கவில்லை. மகனை வெட்டுகிறான், ஐரோப்பாவின் பாதிப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வெட்டுகிறான். அந்த “ஒவ்வொருவராக” திரும்பத் திரும்ப வரும்போது, தூரத்தில் சிறுவர்கள் ஓர்கனோடு, ஆண்டவரே இந்தப் பலியை ஏற்றுக்கொள்ளும் என்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு கொயர் அதே வாக்குறுதியை மறுபடி பாடுகிறது, இந்த முறை வாய்க்குள்ளேயே. பிரிட்டன் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2009ஐப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்ட காரணத்துக்கு அதில் இடம் இருக்கிறது, அப்பம்மாவுக்கும் இருக்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் லாங் இன்னும் ஒரு படி போனார். இயேசுவின் துன்பத்தையும் மரணத்தையும் பாடுகிற பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ படைப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு, இயேசு இருந்த இடத்தில் ஆண்டர்சன் கதையில் வரும் தீக்குச்சி விற்கும் சிறுமியை வைத்தார். தெருவில் குளிரில் சாகிற ஒரு பிள்ளை. அதற்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம்புகிறவரும் நம்பாதவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

பொய்யா என்று கேட்டீர்கள். ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் கடவுளைப் பற்றி முடிவாக ஒன்றும் சொல்லாதவர். அவர்தான் 1906இல் வந்த ஆங்கிலத் துதிப்பாடல் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியர், பூசைக்கும் இசை எழுதினார். யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை.

தமிழில் ஏன் இல்லை என்பதற்குச் சுருக்கமாகச் சொல்லக்கூடியது கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. சுரம் அசையும்போது அதன் கீழே இன்னொரு சுரத்தை நிறுத்தினால் இரண்டும் கெட்டுப்போகும். நம் பக்திப் பாட்டும் பெரும்பாலும் ஒருவர் உருகுவது, கூட்டம் சேர்ந்தாலும் ஒரே மெட்டுத்தான். இங்கே பாடகர் தேவார் சூரியசேன (1899–1981) சிங்கள நாட்டார் மெட்டுகளை அங்கிலிக்கன் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அது நல்ல தொடக்கம், ஆனால் மெட்டின் அளவில்தான்.

ஆனால் சொல் நம்மிடம் இருக்கிறது. மார்கழியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள், திருவெம்பாவை. இரண்டாவது பாட்டை எடுத்துப் பாருங்கள். இரவு பகலாகச் சோதிமேல் பாசம் என்று பேசினாயே, இப்போது படுக்கைமேல் நேசம் வைத்துவிட்டாயா என்று ஒருத்தி குத்துகிறாள். உள்ளே இருப்பவள், சீச்சி, ஏசுகிற இடமா இது என்று திருப்பிக் கொடுக்கிறாள். பல குரல், பதிலுக்குப் பதில், கேலி, சந்தேகம். மாணிக்கவாசகர் கொயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் அதை ஒரே குரலில் பாடிக்கொண்டிருக்கிறோம். அதை நான்கு குரலில் எழுத, கமகத்தை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். தேவாரம் படித்தவர்களும் நாலு குரலில் பாடிப் பழகியவர்களும் கொழும்பில் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் தெரியாது.

நீங்கள் இரண்டு பக்கமும் போகக்கூடியவர். கொயரில் சேருங்கள். “டோமினே” வரும் இடத்தில் வாய் வரவில்லையென்றால் முதல் சில ஒத்திகைக்கு வெறுமனே ஹம் பண்ணுங்கள், பக்கத்தில் நிற்பவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

அன்புடன்,
அண்ணா