பனையில் கட்டிய லூப் அன்ரெனா ஏன் அறுகிறது?

பூநகரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெச்சூர் வானொலியில் 80 மீற்றர் அலைவரிசைக்குச் சதுர லூப் அன்ரெனா (கம்பியைச் சுற்றி வளைத்துக் கட்டும் அன்ரெனா) கட்டினேன். மூன்று மூலை பனையில், ஒரு மூலை வேம்பில். சோளகம் தொடங்கியதும் கம்பி அறுந்தது. தடித்த கம்பி போட்டேன், அதுவும் அறுந்தது. மரத்தை விட்டுவிட்டு இரும்புக் குழாய் நடட்டுமா?"

வேண்டாம். உங்கள் மரங்களில் குறை இல்லை, நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டியதுதான் பிழை. காற்றில் ஒவ்வொரு பனையும் தன்பாட்டில் ஆடும். இரண்டு பனை எதிரெதிராகச் சாயும்போது நடுவில் உள்ள கம்பிக்குப் போக இடமில்லை. செம்பு முதலில் இழுபடும், பிறகு அறும். எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் பனையின் பலத்துக்கு ஈடாகாது.

கம்பியை ஓடவிடுங்கள். 3.6 மெகாஹேர்ட்ஸுக்கு முழுச் சுற்று ஏறக்குறைய 85 மீற்றர், பக்கத்துக்கு 21 மீற்றர். பீடர் (வானொலிக் கருவியிலிருந்து வரும் கேபிள்) இணைக்கும் மூலையை மட்டும் வேம்பில் அசையாமல் கட்டுங்கள். மற்ற மூன்று மூலையிலும் கம்பி இன்சுலேற்றரின் துளைக்குள்ளால் வழுக்கிப் போகட்டும், அங்கே முடிச்சே வேண்டாம். வேம்புக்கு நேர் எதிர்ப் பனையில் கப்பி பூட்டி, கயிற்றைக் கீழே இறக்கி, நுனியில் பாரம் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது பாரம் ஏறி இறங்கும், கம்பியின் இழுவை மாறாது. மற்ற இரண்டு பனையிலும் கயிறு கப்பி வழியாகவே வந்து அடியில் கட்டப்படட்டும். பழுது பார்க்க இறக்குவது சுலபம்.

எவ்வளவு பாரம்? பலர் தேவைக்கு மேல் போடுவது இங்கேதான். 7/0.67 வயருக்கு (0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழை கொண்டது) 5 கிலோ இழுவை இருந்தால், 21 மீற்றர் பக்கத்தின் நடுவில் 35 சென்ரிமீற்றர் அளவுதான் தொய்யும். அந்தத் தொய்வு அன்ரெனாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூலையில் இரண்டு பக்கமும் செங்கோணமாக இழுப்பதால், தொங்கும் பாரம் 7 கிலோ வேண்டும். 5 லீற்றர் எண்ணெய்க் கானில் முக்கால்வாசிக்குச் சற்று மேல் காய்ந்த மணல் போட்டு, தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒரு மீற்றராவது உயரத்தில் தொங்கட்டும். பிள்ளைகள் கீழே விளையாடாதபடி சுற்றி அடையுங்கள்.

கயிறு பொலியெஸ்ரராக இருப்பது நல்லது. நைலோன் நனைந்தால் இழுபடும். மலிவான நீலக் கயிறு நம் வெயிலில் பொடிப்பொடியாகிவிடும்.

பனையில் ஆணி அடிக்கவே வேண்டாம், அந்தக் காயம் ஆறாது. அகலமான பட்டியை வட்டுக்குக் கீழே சுற்றி அதில் கப்பியைப் பூட்டுங்கள். சீவல் தொழிலாளி ஒருவரை ஏறச் சொல்லி, அந்த ஏற்றத்திலேயே காவோலையையும் வெட்டிவிடுங்கள். மேலிருந்து விழும் ஒரு காவோலை போதும், கம்பி போய்விடும். வேம்புக்கு ஆள் ஏறத் தேவையில்லை. கெற்றப்போலால் ஈயக்குண்டு கட்டிய தங்கூசியைக் கிளைக்கு மேலால் அனுப்பி, அதில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம். மின்கம்பி போகும் பக்கம் மட்டும் எறியாதீர்கள். அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் லூப் இருக்க வேண்டும்.

குழாய் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழாயைச் சாயாமல் பிடிக்கும் இழுகம்பிக்கு முளை அடிக்க நிலத்தைக் கிண்ட வேண்டும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியில் அது கூடவே கூடாது.

10, 12 மீற்றர் உயரத்தில் இந்த லூப் வானொலி அலையைப் பெரும்பாலும் மேல்நோக்கியே வீசும், அது வானிலிருந்து திரும்பி வந்து இறங்கும். இரவில் கொழும்புடனும் சென்னையுடனும் பேச அதுதான் நல்லது, அதனால் இன்னும் உயர்த்த முயல வேண்டாம். ஐப்பசி இடி மின்னலுக்கு முன்பே பீடரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.