பாட்டுக்கு மாதச் சந்தா: கட்டலாமா, வேண்டாமா?

பாட்டுச் செயலிகளின் சந்தா பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், கணக்குப் போடும் இடங்களில் மாதம் 120 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் செயலி கேட்கும் தொகையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில். போக வர இரண்டரை மணி நேரமும் பாட்டுதான். டவுன்லோடு வசதிக்காகச் சந்தா கட்டினால் டேட்டா மிச்சமாகுமா? இலவசத்தில் விளம்பரத் தொல்லை வேறு. (கல்லூரி மாணவி)

டேட்டாவை மிச்சம் பிடிக்க என்றால் கட்ட வேண்டாம். 96 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு 96 கிலோபிட் டேட்டா) தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு சுமார் 43 எம்பி செலவாகும். 320 கேபிபிஎஸ் வைத்தாலும் 144 எம்பிதான். இரண்டரை மணி நேரத்துக்கு 360 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி தரும் சாதாரண ரீசார்ஜிலேயே இது அடங்கிவிடும்.

ஆனால் உங்கள் நிஜக் காரணம் கடைசி வரியில் இருக்கிறது. மாதம் 22 நாள் கல்லூரி என்றால் 55 மணி நேரம் கேட்கிறீர்கள். மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ஒரு டீ விலையில் ஐந்தாறு மணி நேரம் விளம்பரம் இல்லாத பாட்டு. நடுவில் சிக்னல் போனாலும் நிற்காது. உங்களுக்கு இது தகும். மாணவர் கட்டணம் தனியாக வைத்திருக்கும் செயலிகள் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், வருடச் சந்தா வேண்டாம். செமஸ்டர் விடுமுறையில் ரயிலும் இல்லை, பாட்டும் குறையும். அந்த மாதங்களில் நிறுத்திவிடலாம்.

இரண்டு வருடம் சந்தா கட்டி 800 பாட்டு டவுன்லோடு செய்தேன். ஒரு மாதம் கட்டாமல் விட்டதும் எதுவும் பாடவில்லை. காசு கொடுத்து வாங்கியதை எப்படிப் பறிக்கலாம்? (வாசகர், திருப்பூர்)

கோபம் புரிகிறது. நீங்கள் இரண்டு வருடம் கட்டியது வீட்டு வாடகை. கிரயம் செய்ததாக நினைத்துவிட்டீர்கள். தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை, பொத்தானில் ‘டவுன்லோடு’ என்றுதானே எழுதி வைத்திருக்கிறார்கள்!

செயலிக்குள் இறங்கும் கோப்பு பூட்டப்பட்டது. அந்தச் செயலிதான் அதைத் திறக்கும், அதுவும் சந்தா உயிரோடு இருக்கும்வரை. ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொண்டால், ஒரு கருவியில் 10,000 பாட்டு, மொத்தம் 5 கருவி என்று தாராளமாக விடுவார்கள். ஆனால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் வந்து தலையைக் காட்ட வேண்டும். சந்தா இருக்கிறதா என்று அப்போதுதான் சரிபார்க்கிறார்கள்.

எங்கள் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று உண்டு. ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, 60 நிமிடக் கேசட்டோடு கொடுத்தால், பக்கத்துக்கு ஆறாகப் பதிந்து தருவார்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊருக்கே போனாலும் கேசட் நம் அலமாரியில்தான். அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாடகை முறை இன்னும் செரிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

இதே வித்தியாசம் நம் நாட்டுக் கடைகளிலும் தெரிந்தது. ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 விற்கும் கடையைத் திறந்து, அடுத்த வருடமே மூடியது. வாங்கியவர்கள் இறக்கி வைத்த எம்பி3 இன்றும் பாடும், அதில் பூட்டே கிடையாது. 2024 ஜனவரியில் ரெசோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் நின்றது, அதே ஆண்டு ஏர்டெல்லின் பாட்டுச் செயலியான விங்க் மூடப்பட்டது. அவற்றில் சேர்த்து வைத்த பட்டியல்கள் செயலியோடு போயின.

இனி என்ன செய்யலாம்? அந்த 800-ல் திரும்பத் திரும்பக் கேட்பது எத்தனை என்று எண்ணுங்கள். பலருக்கும் அறுபது எழுபதைத் தாண்டாது. அவற்றை மட்டும் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு 15 ரூபாய் என்று வைத்தால், ஒரு வருடச் சந்தாவான 1,440 ரூபாய்க்கு 96 பாட்டு வரும், மாதம் எட்டு. மாதத்துக்கு எட்டுப் புதுப் பாட்டுக்கு மேல் உங்களுக்குப் பிடித்துப்போகிறது என்றால் சந்தா லாபம். பழையதையே சுற்றிச் சுற்றிக் கேட்பவர் என்றால் வாங்குவதுதான் லாபம்.

காரில் பென் டிரைவில்தான் கேட்கிறேன். சந்தா எடுத்தால் பாட்டை அதில் ஏற்ற முடியுமா? (வாசகர், நாமக்கல்)

முடியாது. மேலே சொன்ன பூட்டுதான் காரணம். ஐடியூன்ஸ் ஸ்டோரில் தனித்தனியாக வாங்கும் பாட்டுகள் 2009 முதலே பூட்டில்லாமல் வருகின்றன, 256 கேபிபிஎஸ் ஏஏசி வடிவில். பழைய கார் ஸ்டீரியோ சிலவற்றுக்கு ஏஏசி தெரியாது, எம்பி3-யாக மாற்றி ஏற்றுங்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். ‘பாட்டு ஏத்தினேன், வண்டி காட்டவே இல்லை’ என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கல்.

காசே இல்லாமல் எல்லாப் படப் பாட்டும் எம்பி3-யாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? (பெயர் போடாதவர்)

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சட்டத்தை விடுங்கள், அது உங்களுக்கே தெரியும். தரத்தைச் சொல்கிறேன். 320 கேபிபிஎஸ் என்று பெயர் போட்டிருப்பதில் பல, 128-ஐ மறுபடி பெரிதாக்கியவை. ஒரு முறை போன ஒலி திரும்ப வராது. கோப்பின் எடைதான் கூடும். கூடவே பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணையதளத்தின் பெயர். என் நண்பர் ஒருவரின் காரில் ஐந்நூறு பாட்டுக்கும் ஒரே பாடகர்!

அப்பாவுக்கு 74 வயது. ஐம்பது, அறுபதுகளின் பாட்டு மட்டும் கேட்பார். மொபைலில் தேடத் தெரியாது. குடும்பத் திட்டத்தில் அவரையும் சேர்க்கலாமா? (மகள், மதுரை)

சேர்த்தால் பெயருக்குத்தான் இருக்கும். தேடத் தெரியாதவருக்கு லட்சக்கணக்கான பாட்டு எதற்கு? சரிகமவின் கார்வான் தமிழ்ப் பெட்டியைப் பாருங்கள். 5,000 பாட்டு உள்ளேயே ஏற்றியிருக்கும். இணையம் வேண்டாம், மாதத் தொகையும் கிடையாது. குமிழைத் திருகினால் போதும். பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமை சரிகமவிடம்தான் இருக்கிறது, அதனால் அந்தக் காலத்துப் பாட்டுக்குக் குறைவிருக்காது. ஒரு முறை செலவுதான், ஆனால் சில ஆயிரம் ஆகும். அவருக்குப் பிடித்த ஏதோ ஒரு பாட்டு அதில் இல்லாமல் போய், அதையே தினமும் கேட்பார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்லவேளை, யூஎஸ்பி வழியில் நாமும் போட்டுக்கொடுக்கலாம்.

உங்களுக்கும் மற்றவர்களுக்கும் குடும்பத் திட்டம் சரிதான். ஆப்பிள் மியூசிக்கில் ஆறு பேர்வரை. ஸ்பாட்டிஃபை எல்லோரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும் என்கிறது. வெளியூர் தம்பியைச் சேர்க்கும்முன் அதை யோசியுங்கள்.

யூடியூப் பிரீமியம் இருக்கிறது. தனியாகப் பாட்டுச் செயலியும் வேண்டுமா?

வேண்டாம். முழு பிரீமியத்துக்குள்ளேயே யூடியூப் மியூசிக்கும் டவுன்லோடும் அடக்கம். இரண்டுக்கும் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

லாஸ்லெஸ் தரத்துக்கு அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? காதில் போடுவது புளூடூத் இயர்பட்ஸ். (வாசகர், கோவை)

கேள்வியின் கடைசி வரியே பதில். லாஸ்லெஸ் என்றால் ஒலியில் எதையும் குறைக்காமல் அப்படியே தருவது. சிடி தரம் என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண புளூடூத் அதைச் சுருக்கித்தான் காதுக்கு அனுப்பும். முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸில் அமுக்கிக் கொண்டுபோகிற மாதிரி. வயர் ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ இருந்தால் யோசிக்கலாம். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பழைய மோனோ பதிவுகளுக்கோ எந்தத் தரம் வைத்தாலும், மூல ஒலிநாடாவில் இருப்பதுதான் கேட்கும்.

எனக்குப் பிடித்த சுயாதீன இசைக் குழுவுக்கு என் சந்தாவில் எவ்வளவு போகும்?

ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலான செயலிகளில் எல்லோருடைய சந்தாவும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தமாக யார் அதிகம் கேட்கப்பட்டார்களோ அவர்களுக்கு அதிகமாகப் பிரியும். நீங்கள் மாதம் முழுக்க அந்தக் குழுவை மட்டுமே கேட்டாலும், உங்கள் 120-ன் பெரும்பகுதி யாரோ நட்சத்திரத்துக்குப் போகும். இசைக் குழுக்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்தக் குழு இருந்தால் அங்கே வாங்குங்கள். விலையில் 15 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி அவர்களுக்கு. உங்களுக்கும் பூட்டில்லாத கோப்பு, எம்பி3-யோ ஃபிளாக்கோ (லாஸ்லெஸ் வடிவம்), உங்கள் இஷ்டம்.

மூன்று மாதம் இலவசம் என்கிறார்கள். எடுத்துப் பார்க்கலாமா?

எடுங்கள், ஆனால் எடுத்த அன்றே ரத்து செய்யுங்கள். பல சேவைகளில் ரத்து செய்தாலும் இலவசக் காலம் முடியும்வரை பாடும். சிலவற்றில் உடனே நின்றுவிடும், அங்கே காலண்டரில் குறித்து வையுங்கள். நான் ஒரு முறை இப்படி மறந்து, திறந்துகூடப் பார்க்காத ஒரு செயலிக்கு ஏழு மாதம் கட்டினேன். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அந்த எஸ்எம்எஸ்களும் எனக்கு வந்திருந்தன; கடன் தருகிறோம் என்கிற செய்திகளுக்கு நடுவே கிடந்தன.

யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால், உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே நிறுத்தலாம். பிளே ஸ்டோர் வழியாக என்றால், அங்கே சந்தாக்கள் பகுதியில். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாப் பட்டியல் வரும். போனிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தா தானாக நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது.