அறுநூறு ஓடையும் நாற்பது ஃபோல்டரும்

கேள்வி: பல வருடங்களாகச் சேர்த்த 600-க்கும் மேற்பட்ட செய்தியோடைகள் (ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானே கொண்டுவந்து தரும் இணைப்புகள்), அவற்றை ஒரே இடத்தில் படிக்க உதவும் செயலியான என் ரீடரில் உள்ளன. பாதிக்கு மேல் தமிழ் வலைப்பதிவுகள், மீதி நாளிதழ்கள். தலைப்புவாரியாக 40 ஃபோல்டர் போட்டும் படிக்காதவை நாலாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. பணம் கட்டினால் தானாக வரிசைப்படுத்தித் தருகிறோம் என்கிறது ஒரு செயலி. கட்டலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: கட்டாதீர்கள் ஐயா. நீங்கள் எதைத் தட்டுகிறீர்கள் என்பதுதான் அந்தச் செயலிக்குத் தெரியும், எதற்காகச் சேர்த்தீர்கள் என்பது தெரியாது.

முதலில் ரீடரின் செட்டிங்ஸுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுங்கள். ஓபிஎம்எல் என்ற சின்னக் கோப்பு ஒன்று இறங்கும். உங்கள் பட்டியல் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலை 1-ம் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பட்டியலை எடுத்து வைத்திருந்தவர்கள் பதற்றமில்லாமல் வேறு ரீடருக்கு மாறினார்கள். பட்டியலை உள்ளே ஏற்ற இலவசம், வெளியே எடுக்கக் காசு என்று ஒரு வியாபாரமும் நடக்கிறது. ஒருமுறை நானே மாட்டினேன். என் பட்டியலை எனக்கே விற்றார்கள்! எந்த ரீடரில் சேர்ந்தாலும், எக்ஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடிப் பாருங்கள்.

அடுத்து அந்த 40 ஃபோல்டர். சினிமா, அரசியல், ஆன்மிகம் என்று பிரித்தால் நாலாயிரம் குறையாது. எவ்வளவு அடிக்கடி எழுதுகிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். தினம், வாரம், எப்போதாவது, மூன்றே போதும். உங்கள் நாலாயிரத்தில் பெரும்பகுதி நாளிதழ்கள் கொட்டியதாகத்தான் இருக்கும். அவை 'தினம்' ஃபோல்டரில் கிடக்கட்டும். இரவு படுக்கும்முன் மொத்தத்தையும் 'படித்தாயிற்று' என்று தட்டிவிடுங்கள். நேற்றைய பேப்பரை யாரும் கடன் பாக்கியாக நினைப்பதில்லையே.

ஆனால் 'எப்போதாவது' ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். ஆறு மாதமாக அசைவில்லை என்று சொல்லி நீக்கிவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வரும் இடம் இது. வருடத்துக்கு இரண்டு முறை கல்வெட்டைப் பற்றி எழுதுகிறவரின் ஓடை சும்மா இருக்கும்போது உங்களுக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை. எழுதினால் தானே வந்து நிற்கும், ஓடை இருப்பதே அதற்குத்தான். மௌனமாக இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. ரீடர் சிவப்பில் பிழை காட்டினால் மட்டும் பாருங்கள்.

அப்படிப் பிழை காட்டுபவற்றில் பல உண்மையில் செத்திருக்காது. 2012 முதல் சில வருடங்கள், இந்தியாவிலிருந்து பார்த்தால் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் முகவரிகள் 'புள்ளி காம்' என்பதற்குப் பதில் 'புள்ளி இன்' என்று மாறித் தெரிந்தன. நாமும் அப்படியே நகலெடுத்துச் சேர்த்துவிட்டோம். 2020-ல் அந்தப் 'பிளாக்ஸ்பாட் புள்ளி இன்' பெயரே கூகுள் கையைவிட்டு யாரோ ஒருவரிடம் போய்விட்டது. இவ்வளவு பெரிய கம்பெனிக்குப் பெயரைப் புதுப்பிக்க நேரமில்லை, அலைவது நாம். சரி, அந்த ஓபிஎம்எல் கோப்பின் நகல் ஒன்றை நோட்பேடில் திறந்து, கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். மேல் கட்டத்தில் பிளாக்ஸ்பாட் புள்ளி இன், கீழே பிளாக்ஸ்பாட் புள்ளி காம் என்று ஆங்கிலத்தில் அடித்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெறும் 'புள்ளி இன்' என்று மட்டும் அடித்துவிடாதீர்கள், இந்தியத் தளங்களின் முகவரி எல்லாம் பாழாகும்.

திருத்திய கோப்பை ஏற்றும்முன் பழைய பட்டியலை ரீடரிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வலைப்பதிவுகள் இரண்டிரண்டாக நிற்கும். நட்சத்திரமிட்ட கட்டுரைகள் இருந்தால் அவற்றை அதற்கும் முன்பே தனியாகச் சேமித்துவிடுங்கள்.