ஒழுக்கமாக வளர மதம் சார்ந்த வளர்ப்பு அவசியமா?

அவசியமில்லை. ஆனால் இதற்குச் சான்றாக இணையத்தில் சுற்றும் ஸ்டிக்கர் ஆய்வை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2015-இல் உளவியலாளர் ழான் டெசெட்டியின் குழு ஆறு நாடுகளில், 5 முதல் 12 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,170 பிள்ளைகளிடம் நடத்தியது அது. பிடித்த 10 ஸ்டிக்கரை எடுத்துக்கொண்ட பிள்ளை, கிடைக்காத பிள்ளைகளுக்காக எத்தனையை விட்டுக்கொடுக்கிறது என்று எண்ணினார்கள். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகக் கொடுத்ததாக முடிவு வந்தது. நாத்திகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கோளாறு கணக்கில் இருந்தது. நாடுகளை அடையாளம் காட்டக் கொடுத்த எண்களை நிஜமான அளவுகளாகவே பாவித்துவிட்டார்கள். அசீம் ஷரீஃப் என்ற இன்னொரு உளவியலாளர் இதைக் கண்டுபிடித்தார். திருத்திப் பார்த்தால் பெரிய வித்தியாசம் நாட்டுக்கு நாடுதான்; எந்த மதம் என்பதில் அல்ல. 2019-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இதைவிடக் கனமான சான்று, லாரி நூச்சி, எலியட் டுரியல் என்ற உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மிகக் கட்டுப்பாடான ஆமிஷ்-மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பப் பிள்ளைகளையும் அதில் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே என்று பைபிளில் எழுதியிருக்காவிட்டால்? செய்யலாம் என்றார்கள். திருடாதே என்று எழுதியிருக்காவிட்டால்? அப்போதும் தப்புதான் என்றார்கள் பெரும்பாலோர். பறிகொடுத்தவருக்கு அது கெடுதல் என்பதே காரணம். முழுக்க மதத்துக்குள் வளர்ந்த பிள்ளைகளே சடங்கையும் நீதியையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960-களிலிருந்து சொல்லிவந்தது: அடுத்தவருக்கு என்ன ஆனது என்று காட்டுவது. "சாமி கண்ணைக் குத்தும்" என்பது பிள்ளையின் கவனத்தைத் தன் கண்மீதே திருப்புகிறது. "நீ பிடுங்கினதாலதான் அவன் அழறான், பார். திருப்பிக் கொடு" என்பதில் மூன்று விஷயம் இருக்கிறது: செய்தது, பாதிக்கப்பட்டவன், சரிசெய்யும் வழி. கடைசியைத்தான் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். கோயிலில் தோப்புக்கரணம் போட்டால் கணக்கு தீர்ந்தது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பிடுங்கிய பொம்மை இன்னும் பிடுங்கியவன் கையில்தான் இருக்கும்.

குரலும் முக்கியம். கத்திச் சொன்னால் பயம் மட்டும் மிஞ்சும். சாவகாசமாகச் சொன்னால் காதில் ஏறாது. பரிசும் வேண்டாம். 2008-இல் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள்: உதவியதற்குப் பொருள் கொடுத்துப் பழக்கப்பட்ட குழந்தைகள், பிறகு உதவுவது குறைந்தது. வாயால் பாராட்டியதில் அந்தக் குறை வரவில்லை.

வளர்ந்தவர்கள் கதை? 2014-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு அமெரிக்கா, கனடாவில் 1,252 பேரிடம் நாளுக்கு ஐந்து முறையாக மூன்று நாள் செல்பேசி வழியே விசாரித்தது. நல்லதும் கெட்டதும் செய்த எண்ணிக்கையில் மத நம்பிக்கையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மத வீடுகளுக்கு ஒரு சாதகம் உண்டு, அதை மறுப்பது நேர்மையல்ல. வாராவாரம் கூடுவதும், உண்டியலில் போடுவதும், அன்னதானத்தில் பரிமாறுவதும் அங்கே தானாக நடக்கின்றன. மதமில்லாத வீட்டில் யாராவது நாள் குறித்து அழைத்துப் போக வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு போதும், ஆனால் பிள்ளையும் கூட இருந்து பரிமாற வேண்டும். பெற்றோர் ஜிபேயில் நன்கொடை அனுப்புவதைப் பார்த்துப் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.